டிரைவர் செட்டிங்கை எங்கே எழுதி வைப்பது?

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். பெரியவன் தேசிய சேவைக்குப் போய்விட்டான். வார இறுதியில் வீட்டுக்கு வந்தால் தூக்கம், சாப்பாடு, மறுபடி தூக்கம்.

சரி, எடை பார்க்கும் தராசைக் கம்ப்யூட்டரோடு பேச வைக்க நீ லினக்ஸுக்கு எழுதும் டிரைவருக்கு வருகிறேன். செட்டிங்குகளின் விளக்கத்தை விக்கியில் எழுதுவதா, ரீட்மீயிலா, மேன் பேஜிலா (டெர்மினலில் 'மேன்' என்று அடித்தால் வரும் கையேடு) என்று கேட்டிருந்தாய். என்னைக் கேட்டால் முதல் இடம் சோர்ஸ் கோடுதான். பாராமீட்டரை, அதாவது டிரைவரை லோட் செய்யும்போது கொடுக்கிற செட்டிங்கை, அறிவிக்கிற வரிக்குக் கீழேயே மாட்யூல்_பார்ம்_டெஸ்க் (MODULE_PARM_DESC) என்ற வரியைப் போட்டு விளக்கத்தை எழுதிவிடு. கம்பைல் ஆகும்போது அது மாட்யூலுக்குள்ளேயே, அதாவது லோட் ஆகிற டிரைவர் கோப்புக்குள்ளேயே, போய்விடும். 'மோட்இன்ஃபோ -பி' (modinfo -p) என்று மாட்யூல் பெயரோடு அடித்தால் நெட் இல்லாத மெஷினிலும் வந்து நிற்கும். துவாஸ் பக்கத்தில் ஒரு தொழிற்சாலைக்குப் போய் வந்த நாட்களில்தான் இதன் அருமை தெரிந்தது. வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அப்புறம் எந்த விக்கியைப் பார்ப்பது? அதைவிட முக்கியம், அந்த மெஷினில் இருக்கிற வெர்ஷனுக்கு உரிய விளக்கம்தான் அதில் வரும்.

விக்கியின் தொல்லையே இதுதான். இன்டெல் கிராஃபிக்ஸுக்கான ஐ915 டிரைவரில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க எனேபிள்_ஆர்சி6 என்று ஒரு பாராமீட்டர் இருந்தது. அதை நீக்கி வருஷக்கணக்காகிறது. பழைய குறிப்பை நம்பி இன்று அதைப் போட்டாலும் டிரைவர் பாட்டுக்கு லோட் ஆகிவிடும். தெரியாத பாராமீட்டர், ஒதுக்கிவிட்டேன் என்று கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) லாக்கில் ஒரே ஒரு வரி வரும். அதை யார் போய்ப் பார்க்கிறார்கள்? செட்டிங் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டு பேட்டரியைத் திட்டுவார்கள்.

ஆனால் விளக்கத்தில் 'போலிங் இடைவெளி' (எடையை எத்தனை நேரத்துக்கு ஒருமுறை கேட்பது) என்று மட்டும் எழுதி வைக்காதே. மில்லிசெகண்டா மைக்ரோசெகண்டா, டீஃபால்ட் எவ்வளவு, எதிலிருந்து எதுவரை போகலாம், இவை அந்த வரியிலேயே இருக்க வேண்டும். எப்போது மாற்றலாம், மாற்றினால் சிபியூவை எவ்வளவு தின்னும் என்ற கதையெல்லாம் கெர்னல் சோர்ஸின் டாகுமென்டேஷன் ஃபோல்டரில் ஆர்எஸ்டி (.rst என்ற எளிய உரை வடிவ) கோப்பாகப் போகட்டும். கோடு போகிற அதே பேட்ச் சீரிஸில் (கெர்னலுக்கு அனுப்பும் மாற்றங்களின் தொகுப்பு) அனுப்பு, ரிவ்யூ செய்பவர் கண்ணில் படும்.

மேன் பேஜ் வேண்டாம். திரையில் படம் காட்டும் எக்ஸ் சர்வரின் டிரைவர்களுக்கு மேன் பேஜின் நான்காம் பிரிவில் எழுதுவது அங்கே வழக்கம். உனக்கு அது வீண் வேலை. விக்கியை முழுசாக விட்டுவிடாதே. எந்த மாடல் தராசுக்கு எந்த மதிப்பு ஒத்துவந்தது என்று ஆட்கள் எழுதி வைக்க அதுதான் தோதான இடம்.

இன்னொன்று. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு தராசு மாட்டினால் மாட்யூல் பாராமீட்டர் இரண்டுக்கும் சேர்த்துத்தான். தனித்தனி மதிப்பு வேண்டுமென்றால் சிஸ்எஃப்எஸ்ஸுக்குத்தான் (ஒவ்வொரு சாதனத்தின் செட்டிங்கையும் கோப்பாகக் காட்டும் /sys) போக வேண்டும். அதன் விளக்கத்துக்கு டாகுமென்டேஷனில் ஏபிஐ (ABI) என்றே தனி ஃபோல்டர் உண்டு. ஸ்டேபிள், டெஸ்டிங், ஆப்சலீட், ரிமூவ்டு என்று உள்ளே பிரித்திருப்பார்கள். நீ டெஸ்டிங்கில் போடு. அப்புறம், நீ கடிதத்தில் சொன்ன அந்த ஃபில்டர் செட்டிங் அவசியம்தானா? தராசு எந்த மாடல் என்பது அதன் யூஎஸ்பி ஐடியிலேயே (மாட்டியதும் சாதனம் சொல்லும் அடையாள எண்) தெரிந்துவிடும் என்றால் டிரைவரே பார்த்துக்கொள்ளட்டும். விளக்கம் எழுதுகிற வேலையும் மிச்சம்.

பேட்சை அனுப்புவதற்கு முன்னால் எனக்கு ஒரு தடவை காட்டு. தீபாவளி வாரம் லீவு போட்டிருக்கிறேன், அப்போது என்றால் நிதானமாகப் படிப்பேன். அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி