இங்குபேட்டர் பக்கத்தில் ஒரு திருமுழுக்கு

தூத்துக்குடி

அன்பு பாப்பா,

அயர்லாந்தில் குறைப்பிரசவக் குழந்தைகள் வார்டில் நர்ஸ் வேலை பார்க்கிற நீ, போனில் முக்கியமாகக் கேட்டது இரண்டு கேள்வி. திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெறாமல் இறந்த குழந்தை மோட்சம் போகுமா என்பது ஒன்று. சாமியார் (குரு) வந்துசேர நேரமில்லாத ராத்திரியில் ஒரு தாய், "சிஸ்டர், நீங்களே கொடுத்துடுங்க" என்று கேட்டால் என்ன செய்வது என்பது மற்றது. இரண்டாவது உனக்கு இன்றைய டியூட்டியிலேயே தேவைப்படலாம். அதனால் அதை முதலில் எழுதுகிறேன்.

தண்ணீர் வேண்டும். மந்திரித்த தீர்த்தம் தேவையில்லை, சாதாரணத் தண்ணீர் போதும். உங்கள் வார்டில் இருக்கும் 10 மில்லி ஸ்டெரைல் வாட்டரே நல்லது, தொற்றுப் பயம் இல்லை. அதிலும் மூன்று நான்கு மில்லிதான் செலவாகும். குறைப்பிரசவக் குழந்தைக்கு உடல் சூடு எவ்வளவு சீக்கிரம் இறங்கும் என்பது என்னைவிட உனக்குத் தெரியும். ஆம்பியூலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்துச் சூடேற்றிக்கொள். ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்துக்கொண்டு, தலைக்கு அடியில் ஒரு காஸ் துணியை மடித்து வை. நெற்றியின் மேல் மூன்று தடவை ஊற்று. ஊற்றிக்கொண்டே சொல்: "தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்." தந்தை என்னும்போது ஒரு ஊற்று, மகன் என்னும்போது ஒன்று, தூய ஆவியார் என்னும்போது ஒன்று. துடைத்துவிடு. முடிந்தது. அரை நிமிடம்கூட ஆகாது.

தமிழில் சொன்னாலும் சரி, அந்தத் தாய்க்குப் புரிய இங்கிலீஷில் சொன்னாலும் சரி. பெயர் வைத்திருந்தால் முதலில் பெயரைச் சொல்; வைக்காவிட்டால் அதற்காகக் காத்திருக்காதே. ஞானப்பெற்றோர் இல்லாவிட்டாலும் செல்லும். பக்கத்தில் ஒரு சாட்சி நின்றால் நல்லது.

எங்கே தவறும் என்பதையும் கேட்டுக்கொள். விரலை நனைத்து நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுத் திருமுழுக்குக் கொடுத்துவிட்டதாக நினைப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிசகு. அது ஆசீர்வாதம். திருமுழுக்கு என்றால் கழுவுதல். தண்ணீர் தோலைத் தொட்டு ஓட வேண்டும். ஒரு சொட்டு விழுந்து அப்படியே நின்றாலும் சந்தேகம் வந்துவிடும். மூச்சுக்கு உதவும் சீபேப் கருவியின் தொப்பி தலையை மூடியிருந்தால் தொப்பிமேல் ஊற்றிப் பயனில்லை, தெரிகிற நெற்றியில் ஊற்று. நெற்றியும் கிடைக்காவிட்டால் மார்பிலோ கையிலோ ஊற்றலாம். பிற்பாடு தலை கிடைத்தால், "நீ திருமுழுக்குப் பெறாதிருந்தால்" என்ற நிபந்தனையோடு மறுபடி ஊற்ற வேண்டும். ஒருவர் ஊற்ற இன்னொருவர் வார்த்தை சொல்லக்கூடாது. ஊற்றுகிற கையும் சொல்கிற வாயும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும்.

பால், எண்ணெய், எச்சில் எதுவும் ஆகாது. சலைன்தான் கைக்குக் கிடைத்தது என்றால் தயங்காதே. கடல் தண்ணீரிலேயே திருமுழுக்குச் செல்லும். சலைனில் அதைவிட உப்புக் குறைவு.

வார்த்தையில் கை வைக்காதே. "நான்" என்பதை "நாங்கள்" ஆக்கினால் போச்சு. 2020 ஆகஸ்டில் ரோமிலிருந்தே தீர்ப்பு வந்தது: "நாங்கள் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறோம்" என்று கொடுத்தது செல்லாது. அதைப் படித்த ஓர் அமெரிக்கக் குரு, தன் குழந்தைப்பருவத் திருமுழுக்கு வீடியோவைப் போட்டுப் பார்த்தால் அதில் "நாங்கள்" என்றிருக்கிறது! அவர் திருமுழுக்கு, உறுதிபூசுதல், குருப்பட்டம் எல்லாவற்றையும் முதலிலிருந்து பெற வேண்டியதாயிற்று. ஒரு சொல்லுக்கு இத்தனை பாடா என்று நீ கேட்பாய். திருமுழுக்குக் கொடுப்பவர் கிறிஸ்து, ஒரு ஆளின் வாயையும் கையையும் வாங்கிக்கொண்டு கொடுக்கிறார் என்பது நம் நம்பிக்கை. கூடியிருக்கும் ஊரும் உறவும் அந்த இடத்தில் நுழைய முடியாது.

ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். உன்னோடு நிற்கிற இந்து நர்ஸோ முஸ்லிம் டாக்டரோகூடக் கொடுக்கலாம். திருச்சபை எதைச் செய்கிறதோ அதையே நானும் செய்கிறேன் என்ற எண்ணம் மட்டும் இருக்க வேண்டும். சி.எஸ்.ஐ. தாய் கேட்டாலும் இதே தண்ணீர், இதே வார்த்தைதான். பெந்தெகொஸ்தே தாயாக இருந்தால் நீயாகப் போய்க் கேட்காதே. அவர்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, பிரதிஷ்டை ஜெபம்தான் செய்வார்கள். அவர்கள் பாஸ்டருக்குப் போன் போட்டுக் கொடு.

பெற்றோருக்குத் தெரியாமல் ஒருபோதும் செய்யாதே. சாகக் கிடக்கிற குழந்தைக்குப் பெற்றோர் விருப்பத்துக்கு மாறாகவும் கொடுக்கலாம் என்று திருச்சபைச் சட்டம் 868-இல் ஒரு வரி இருக்கிறது. யாராவது அதைக் காட்டினாலும் நீ செய்யாதே. இத்தாலியில் பொலோஞா நகரில் எட்கார்டோ மோர்த்தாரா என்ற யூதக் குழந்தைக்கு நோய் வந்தபோது, செத்துவிடுவானோ என்று பயந்த வேலைக்காரப் பெண் ரகசியமாகத் தண்ணீர் ஊற்றிவிட்டாள். குழந்தை பிழைத்துக்கொண்டது. விஷயம் வெளியே வந்ததும் 1858 ஜூனில் போப்பின் காவலர்கள் வந்து, ஆறு வயதுப் பையனைப் பெற்றவர்களிடமிருந்து பிடுங்கிப்போனார்கள். கிறிஸ்தவன் ஆகிவிட்டவனை யூத வீட்டில் வளர்க்கக்கூடாது என்பது அன்றைய சட்டம். ஐரோப்பா முழுக்கக் கூச்சல் கிளம்பியும் போப் ஒன்பதாம் பத்திநாதர் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்தப் பையன் பிற்பாடு குருவானான். அதைச் சொல்லி நியாயப்படுத்துகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அந்தத் தாய் நின்ற வாசல்தான் கண்ணில் நிற்கிறது.

கடினமான இடம் இனிமேல்தான். குழந்தை இறந்தபிறகு தாய் கேட்கிறாள். அப்போது கொடுக்கக்கூடாது, பாப்பா. திருமுழுக்கு போன்ற அருளடையாளங்கள் உயிரோடிருப்பவர்களுக்கு. உயிர் இருக்கிறதா இல்லையா என்று டாக்டருக்கே சந்தேகம் என்றால், "நீ உயிரோடு இருந்தால்" என்று தொடங்கிக் கொடு. நிச்சயம் இறந்துவிட்டது என்றால் பெயர் சொல்லிக் கூப்பிடு, நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதி, பரலோக மந்திரம் சொல்லு. அடக்கப் பூசையும் உண்டு என்று சொல். பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க நினைத்திருந்தால் ஆயரின் அனுமதியோடு அதைச் செய்யலாம் என்று சட்டம் 1183-இலேயே இருக்கிறது. அவள் உடனே கேட்பாள், "அப்படியானால் என் பிள்ளை எங்கே?" உன் முதல் கேள்வி அதுதானே.

நீ இருக்கிற அயர்லாந்திலேயே இதற்குப் பழைய பதில் ஒன்று மண்ணில் கிடக்கிறது. மேயோ, கால்வே, கெர்ரி பக்கம் போனால் கில்லீன் என்று காட்டுவார்கள். திருமுழுக்கு இல்லாமல் இறந்த குழந்தைகளைக் கோயில் கல்லறையில் புதைக்க விடாத காலத்தில், பாழடைந்த கோட்டை மேட்டிலும் கடலோரத்திலும் வயல் எல்லையிலும் புதைத்த இடங்கள் அவை. பெரும்பாலும் தகப்பன்மார் இருட்டியபின் தூக்கிக்கொண்டு போவார்கள். பெயர் கிடையாது, தலைமாட்டில் ஒரு கரட்டுக் கல். இருபதாம் நூற்றாண்டின் பாதிவரை இது நடந்தது. உன் வார்டுக்கு வரும் பாட்டிமாரில் யாராவது திருமுழுக்கு என்றதும் பதறினால் இதை நினைத்துக்கொள்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? "ஒருவர் தண்ணீராலும் தூய ஆவியாலும் பிறந்தாலன்றி இறையாட்சிக்கு உட்பட இயலாது" என்று யோவான் 3:5-இல் இருக்கிறது. பழங்காலத் திருச்சபை அறிஞர் அகுஸ்தினார் அதை அப்படியே பிடித்துக்கொண்டு, திருமுழுக்கு இல்லாத குழந்தைக்கும் தண்டனை உண்டு, மிக இலேசான தண்டனை என்றார். அதை ஏற்க மனம் வராத இடைக்கால அறிஞர்கள் லிம்போ என்று ஓர் இடம் சொன்னார்கள்: அங்கே வேதனை இல்லை, கடவுளைக் காண்பதும் இல்லை. லிம்போ விசுவாசக் கோட்பாடாக ஒருநாளும் அறிவிக்கப்பட்டதில்லை. ஆனாலும் ஞானோபதேச வகுப்பில் கோட்பாடு மாதிரியே சொல்லிக்கொடுத்தார்கள். அது உபதேசிமார் செய்த தவறு, என்னைப் போன்றவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நம் கடற்கரைக்கு 1542-இல் வந்த சவேரியாரையே எடுத்துக்கொள். திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்று 1544-இல் எழுதியவர் அவர். பின்னால் ஜப்பானில் புதிதாக வேதத்தில் சேர்ந்தவர்கள், செத்துப்போன எங்கள் அப்பா அம்மா நரகத்திலா, அவர்களுக்கு ஒரு வழியும் இல்லையா என்று அழுதார்கள். இல்லை என்றுதான் அவர் சொன்னார். அவர்கள் அழுததைக் கண்டு தம் மனமும் வருந்தியதாக 1552-இல் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் சொல்கிறார். அவ்வளவு பெரிய புனிதருக்கும் அன்றைய போதனை அவ்வளவுதான் இடம் கொடுத்தது.

ஆனால் அதைவிடப் பழைய பதிலும் திருச்சபையில் இருந்தது. 392-இல் இரண்டாம் வாலெந்தீனியன் என்ற இளம் பேரரசன், திருமுழுக்குக் கொடுக்க வரும்படி மிலான் ஆயர் அம்புரோசியாருக்குச் சொல்லியனுப்பிவிட்டு, அவர் போய்ச் சேர்வதற்குள் இறந்துபோனான். அவன் சகோதரிகளுக்கு அம்புரோசியார் அடக்கப் பிரசங்கத்திலேயே ஆறுதல் சொன்னார்: அவன் கேட்டான், கேட்டதால் பெற்றுக்கொண்டான். இதைத்தான் ஆசைத் திருமுழுக்கு என்கிறோம். வேதத்துக்காக உயிர் கொடுத்தவர்களுக்கு இரத்தத் திருமுழுக்கு. திருச்சபையின் ஆயர்கள் கூடிய திரெந்து சங்கமும் 1547-இல் திருமுழுக்கு மீட்புக்குத் தேவை என்று உறுதியாகச் சொன்ன அதே ஆண்டில், "அல்லது அதற்கான ஆசை" என்ற வார்த்தையையும் சேர்த்துத்தான் எழுதியது.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1257-ஆம் எண்ணில் இதை ஒரே மூச்சில் சொல்கிறது. கடவுள் மீட்பைத் திருமுழுக்கோடு பிணைத்திருக்கிறார். அவரோ தம் அருளடையாளங்களுக்குக் கட்டுப்பட்டவர் அல்ல. கட்டு நமக்கு. அதனால்தான் நீ டியூட்டியை விட்டுவிட்டு ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. கடவுளுக்கு அந்தக் கட்டு இல்லை, அதனால் தண்ணீர் போய்ச் சேராத குழந்தையைக் குறித்துத் தாயைப் பயமுறுத்த யாருக்கும் உரிமை இல்லை. 2007-இல் வத்திக்கானின் இறையியல் குழு இதற்கென்றே ஓர் ஆவணம் வெளியிட்டது. அப்படிப்பட்ட குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்பிக்கை கொள்ளப் பலமான காரணங்கள் உண்டு என்கிறது. "தெரியும்" என்று சொல்லவில்லை, "நம்பலாம்" என்கிறது. நீயும் அந்தத் தாயிடம் அதற்குமேல் சொல்லாதே, குறைத்தும் சொல்லாதே.

உன் ரூமில் இருக்கிற பெந்தெகொஸ்தே பெண்ணோடு ரொம்ப வாதாடாதே. முழுக்கு ஞானஸ்நானம்தான் செல்லும் என்கிறாளே தவிர, அது இல்லாவிட்டால் இரட்சிப்பு இல்லை என்று அவர்களில் பெரும்பாலோர் சொல்வதில்லை. விசுவாசத்தால் இரட்சிப்பு, ஞானஸ்நானம் அதற்குக் கீழ்ப்படிதல் என்பது அவர்கள் கணக்கு. ஞானஸ்நானம் இல்லாமலே மோட்சம் போன, சிலுவையில் தொங்கின கள்ளனைக் காட்டுவார்கள். மாற்கு 16:16-இன் பின்பாதி நம்பாதவருக்குத்தான் தண்டனை என்கிறது, முழுக்குப் பெறாதவருக்கு என்று சொல்லவில்லை என்பார்கள். சரியாகத்தான் படிக்கிறார்கள். இயேசுவின் பெயரில் மட்டும் கொடுத்தால்தான் செல்லும் என்கிற கூட்டம் வேறு, அவர்கள் கண்டிப்பானவர்கள். இரட்சணிய சேனையில் ஞானஸ்நானமே கிடையாது. ஊற்றுவது பிற்காலத்துக் கண்டுபிடிப்பு என்று அவள் சொன்னால் மட்டும் ஒன்று சொல்: திதாக்கே என்ற மிகப் பழைய கிறிஸ்தவ ஏடு, ஓடுகிற தண்ணீரைத் தேடச் சொல்லிவிட்டு, போதிய தண்ணீர் இல்லாவிட்டால் தலையில் மூன்று தடவை ஊற்று என்கிறது.

நம்புகிறேன், ஆனால் திருமுழுக்கு வேண்டாம் என்கிற பெரியவர்களைப் பற்றியும் கேட்டாய். யார், ஏன் என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதே. நம் ஊரில் 1950-ஆம் ஆண்டின் அரசாணைப்படி, கிறிஸ்தவரானால் எஸ்.சி. சலுகை போய்விடும். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், அவர் பெற்ற திருமுழுக்கையே உச்ச நீதிமன்றம் ஒரு சான்றாக எடுத்துக்கொண்டு எஸ்.சி. சான்றிதழை மறுத்தது. பிள்ளைகளின் படிப்பை நினைத்துத் தள்ளிப்போடுகிறவனையும், தேவை என்று அறிந்தே அலட்சியமாக மறுக்கிறவனையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

இனி எழுத்து வேலை. கொடுத்தது எந்த நாள், எத்தனை மணி, குழந்தையின் பெயர், அப்பா அம்மா பெயர், உன் பெயர், சாட்சி பெயர், என்ன தண்ணீர், எங்கே ஊற்றினாய், சொன்ன வார்த்தை எது, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஆஸ்பத்திரிச் சாமியாரிடம் கொடு. பங்குப் பதிவேட்டில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் இருபத்தைந்து வருஷம் கழித்துக் கல்யாணத்துக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கும்போது அந்தப் பிள்ளை திண்டாடும். பிழைத்துவிட்டால் பெற்றோர் கோயிலுக்குக் கொண்டுபோகட்டும். கிறிஸ்மா தைலம், வெள்ளாடை, மெழுகுதிரி எல்லாம் அங்கே கொடுப்பார்கள். தண்ணீர் மட்டும் இரண்டாம் முறை கிடையாது. அங்கே யாராவது ஊற்றப் போனால், நீ எழுதிய தாளைக் காட்டச் சொல்.

அன்புடன்,
அப்பா