நீலம் வெளுப்பது தண்ணீரால்

ஆசிரியர் அவர்களுக்கு,

கேமரா இல்லாமல் வெயிலைக் கொண்டே இலைகளை நீலப் படமாக்கும் ‘சயனோடைப்’ (cyanotype) முறையைப் பற்றி ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். 1842இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த முறை. மறு ஆண்டே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இப்படிப் பதித்துப் புத்தகமாக வெளியிடத் தொடங்கினார். பிள்ளைகள் செய்து பார்க்க வேண்டிய கலைதான். ஆனால் ‘வெயிலில் காட்டித் தண்ணீரில் அலசினால் போதும்’ என்ற வரியை நம்பினால் பல படங்கள் பாழாகிவிடும்.

இந்த நீலத்துக்குக் காரம் (alkali) ஆகாது. போர் தண்ணீர் பல ஊர்களில் காரத்தன்மை உள்ளது. அதில் நெடுநேரம் ஊறினால் அடர்நீலம் வெளிறி, மஞ்சள் கறைதான் மிஞ்சும். முதல் அலசலுக்கு லிட்டருக்கு 20 மி.லி. வெள்ளை வினிகர் கலந்துகொள்ளுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் மஞ்சள் நிறம் போகும்வரை, 5 முதல் 10 நிமிடம். அதற்கு மேல் வேண்டாம். துணியில் பதித்ததைச் சோப்புத் தூளில் போடவே கூடாது.

தாளில் பூசும் கரைசலுக்கான அளவு: பச்சை ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 10 கிராம். இரண்டையும் தனித்தனியே 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, பூசும்போது சம அளவு கலக்க வேண்டும். முதல் கரைசலில் பூஞ்சை பிடிக்கும், வடிகட்டிவிட்டுப் பயன்படுத்தலாம். பூசிய தாள் இருட்டில் நன்றாக உலர வேண்டும். வெளிச்சம் படாமலே நீலம் பாரித்தால் தாளை மாற்றிப் பாருங்கள்.

பறித்த கையோடு இலையைப் பூசிய தாளில் வைத்துக் கண்ணாடியால் மூடினால், அடியில் நீர் கோத்துத் திட்டு விழும். ஒரு நாள் செய்தித்தாளுக்குள் அழுத்தி வைத்த இலைதான் விளிம்பு பிசிறாமல் பதியும். சருகாகிச் சல்லடையான அரச இலை கிடைத்தால் விடாதீர்கள். நரம்பு நரம்பாக வெள்ளையில் வரும், அந்த அழகே தனி. வெயிலில் பச்சை மஞ்சளாக இருந்த தாள் நீலமாகி, பிறகு சாம்பல் பூக்கும். அவசரப்பட்டு நீலத்திலேயே எடுத்தால், பதிந்ததெல்லாம் தண்ணீரோடு போய்விடும். சாம்பல் பூத்த பிறகே எடுக்க வேண்டும். நேரத்தை அறிய, ஒரு துண்டுத் தாளை அட்டையால் மூடி, 3 நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பாருங்கள்.

சயனைடு என்ற பெயரைக் கண்டு பெற்றோர் பயப்பட வேண்டாம். கையுறை போட்டால் போதும். ஆனால் மிச்சக் கரைசலைக் கழிவறை ஆசிடோடு சேரவிடாதீர்கள், நச்சு வாயு வரும். இதைக் கட்டுரையிலேயே எழுதியிருக்க வேண்டும்.

சுவரில் மாட்டிய படம் வெளிச்சத்தால் வெளுத்திருந்தால் எறிந்துவிடாதீர்கள். சில நாள் இருட்டு அலமாரியில் வைத்தால் நீலம் பெரும்பாலும் திரும்பிவிடும். காரத்தால் வெளுத்தது திரும்பாது.

இப்படிக்கு,
ஒளிப்படப் பயிற்றுநர்கள்,
சேலம்