வரல, பேசல, எடுக்கல

அன்புள்ள செழியனுக்கு,

நாவலை இரண்டு தடவை படித்துவிட்டேன். ஒற்றுப்பிழைகளையெல்லாம் ஓரத்தில் குறித்திருக்கிறேன், அதை நீயே பார்த்துக்கொள். கடிதமாக எழுத வேண்டியது வேறு சில விஷயங்கள்.

முதலில் ஆண்டு. பையனைக் காதலிக்கும் உன் கதிர் பிளஸ் டூவில் 1124 எடுக்கிறான். 1200க்கு மார்க் போட்டது 2018 மார்ச் தேர்வோடு சரி, 2019இலிருந்து 600தான். ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில், பள்ளிச் சீருடையைக்கூடக் கழற்றாமல், ஒருபால் உறவு குற்றமில்லை என்ற 377 தீர்ப்பை டிவியில் பார்க்கிறான். அது வந்தது 2018 செப்டம்பர் 6. அதற்குள் அவன் காலேஜில் சேர்ந்திருப்பான். மார்க்கை மாற்றாதே, டிவியைக் கடைசி அத்தியாயத்துக்குத் தள்ளு. டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் தந்ததை உச்ச நீதிமன்றம் 2013 டிசம்பரில் பிடுங்கிக்கொண்டது. அவன் வளர்ந்த வயசு முழுக்க அந்த இடைவெளியில்தான் போகிறது. பயத்துக்கு நீ தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை.

'மாத்திடலாம்' என்கிற டாக்டரும் 2018இல் பொருந்துவார். கதையை 2022க்கு நகர்த்தினால் அவரை இவ்வளவு சாதாரணமாக உட்கார வைக்க முடியாது. பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சையைத் தடை செய்யச் சொல்லி நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சென்னை உயர் நீதிமன்றத்தில் உத்தரவிட்டது 2021 ஜூன் 7.

அடுத்தது மெரினா. கதிரும் அவன் காதலனும் லைட் ஹவுஸ் ஸ்டேஷனில் இறங்கி நடக்கிறார்கள், போலீஸைப் பார்த்ததும் கோத்திருந்த கையை உதறுகிறார்கள். எந்த ஊர்க் கதை இது? நம்ம பீச்சில் இரண்டு பையன்கள் தோளில் கை போட்டுப் போனால் சுண்டல்காரப் பையன்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டான். விரட்டுவது ஆணும் பெண்ணும் உட்கார்ந்திருந்தால்தான். கதிருக்கு வெளியில் கிடைக்கிற அந்த விசித்திரமான சுதந்திரத்தை எழுது. ஆபத்து வீட்டுக்குள் இருக்கிறது: அக்காவோடு பங்கு போட்டுக்கொள்ளும் போன், ஹால் கம்ப்யூட்டரில் மூட மறந்த வாட்ஸ்அப்.

இனி மொழி. இதில்தான் நீ கோட்டை விட்டிருக்கிறாய். ஒன்பதாம் அத்தியாயத்தில் சிநேகிதனிடம் காதலைச் சொல்கிறான், ஆள் யார் என்பதை மட்டும் மறைத்து. நீ 'அவங்க வந்தாங்க, அவங்க சொன்னாங்க' என்று எழுதியிருக்கிறாய். பதினேழு வயசுப் பையன் கூடப் படிக்கிற பெண்ணை 'அவங்க' என்றால் சிநேகிதன் முதல் வாக்கியத்திலேயே சிரிப்பான். தமிழில் 'வந்தான்', 'வந்தா' என்று வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் 'வரல' மாதிரி எதிர்மறைக்கு ஆண் பெண் கிடையாது. 'ஆளு இன்னிக்கு வரல. ரெண்டு நாளா பேசல. போன் எடுக்கல.' இப்படியே பேசட்டும். மறைக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் இல்லாததைத்தான் சொல்ல முடியும், அதனால் காதலைப் பற்றி அவன் வாயில் வருவதெல்லாம் குறையாகவே வரும். 'ஏன்டா எப்பப் பார்த்தாலும் பொலம்புற?' என்று சிநேகிதன் கேட்கட்டும். அப்புறம் இருபத்தோராம் அத்தியாயத்தில் அம்மாவிடம், உன் ஒன்றரைப் பக்க வசனத்துக்குப் பதிலாக, 'நேத்து வந்தான்மா' போதும்.

அந்த அம்மா உடனே கட்டிப்பிடிப்பதையும் எடுத்துவிடு. அவள் முதலில் கேட்பது 'வேற யாருக்குத் தெரியும்?' என்றுதான் இருக்கும்.

'தன்பாலீர்ப்பு' என்ற சொல்லைக் கதிரின் வாயில் வைக்காதே. நல்ல சொல்தான், பின்னட்டையில் போடலாம். அவன் 'கே' (gay) என்பான். ஆனால் தனி எழுத்தாக அச்சில் வந்தால் பாதி உடைந்த சொல் மாதிரி தெரியும், வரிக் கடைசியில் விழுந்தால் இன்னும் மோசம். ஒற்றை மேற்கோளுக்குள் போட்டு, அடுத்த சொல்லோடு வரி முடிவில் பிரியாத இடைவெளி வைக்கும்படி அச்சுக்கோப்பவரிடம் சொல்லிவிடு.

கடைசியாகப் பக்கக் கணக்கு. 52,000 சொல், டெமி அளவுப் புத்தகத்தில் பக்கத்துக்கு 230 வைத்தால் 226 பக்கம், முன்பக்கங்கள் எட்டு சேர்த்து 234. ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் ஃபாரத்துக்கு 16 பக்கம். 14 ஃபாரம் என்றால் 224. பத்துப் பக்கத்துக்காகப் பதினைந்தாவது ஃபாரம் ஓட்டினால் ஆறு பக்கம் வெள்ளையாகப் போகும். 2,300 சொல் குறைக்க வேண்டும். மெரினா போலீஸும் அம்மாவிடம் பேசும் அந்த வசனமும் போனாலே முக்கால்வாசி வந்துவிடும்.

ஜனவரி புத்தகக் கண்காட்சிக்கு வர வேண்டுமென்றால் அக்டோபருக்குள் அனுப்பு. ஒன்பதாம் அத்தியாயத்தை மட்டும் முன்னாடியே அனுப்பிவிடு, நான் பார்க்கணும்.

அன்புடன்,
அம்மா