ஒரே கிரவுண்டு, ரெண்டு மேட்ச்

கண்ணா,

எப்படி இருக்க, அங்க குளிர் விட்டுச்சா. குட்டி பேஸ்பால் டீம்ல சேர்ந்ததுல இருந்து நானும் அந்த ஆட்டத்த பத்தியே படிச்சிட்டு இருக்கேன்டா, பி.டி. டீச்சரா இருந்தவளுக்கு ஒரு ஆட்டத்தோட விவரம் புரியாம விட மனசு வராது. அப்படி படிக்கும்போது தான் உங்க சிகாகோவுலயே நடந்த ஒரு மேட்ச் மாட்டுச்சு, 1933 ஜூலை 6, கோமிஸ்கி பார்க், மொத ஆல் ஸ்டார் கேம்.

அப்போ அமெரிக்காவுல பயங்கர பணக்கஷ்டம், ஸ்டேடியத்துக்கு கூட்டமே வரல. சிகாகோவுல உலகக் கண்காட்சி நடக்குற வருஷம், அதோட சேர்த்து நேஷனல் லீக், அமெரிக்கன் லீக்னு இருந்த ரெண்டு பெரிய லீக்லயும் இருக்குற நல்ல பிளேயர்ஸ மோத விடலாம்னு ட்ரிப்யூன் பேப்பரோட ஸ்போர்ட்ஸ் எடிட்டர் ஆர்ச் வார்டுன்னு ஒருத்தர் கிளப்பி விட்டாரு. ஜனங்க பேப்பர் வழியா ஓட்டு போட்டாங்க. இந்த ஒரு தடவை தான்னு பேச்சு, ஆனா அடுத்த வருஷமே நியூயார்க்ல திரும்ப நடத்திட்டாங்க.

ரெண்டு லீக்குக்கும் ஆகவே ஆகாதுடா. நேஷனல் லீக் தான் மூத்தது, 1901ல அமெரிக்கன் லீக் நாங்களும் பெரிய லீக்குன்னு வந்து அவங்க பிளேயர்ஸ இழுத்துக்கிச்சு. நியூயார்க் ஜயன்ட்ஸ் மேனேஜர் ஜான் மெக்ரா இருக்காரே, ஃபிலடெல்ஃபியா அத்லெடிக்ஸ் டீம தீனி போட்டு மாளாத வெள்ளை யானைன்னு நக்கல் பண்ணாரு, 1904ல ரெண்டு லீக் சாம்பியனும் மோதுற வேர்ல்ட் சீரிஸ்ல அமெரிக்கன் லீக் சாம்பியனோட ஆடவே மாட்டோம்னுட்டாங்க மெக்ராவோட ஜயன்ட்ஸ் டீம்ல. அத்லெடிக்ஸ் மேனேஜர் கோனி மேக் வாய்ச்சண்டைக்கு போகல, அந்த யானையவே டீமுக்கு சின்னமா எடுத்துக்கிட்டாரு, இன்னிக்கும் அந்த டீமுக்கு யானை தான். எனக்கு அந்த மனுஷன ரொம்ப பிடிச்சுப் போச்சு. 1933ல எதிரெதிரா மேனேஜரா நின்னது இவங்க ரெண்டு பேரும் தான். மெக்ரா ஏற்கனவே ரிடையர் ஆனவர், இந்த மேட்சுக்காக வந்தாரு, அடுத்த பிப்ரவரில தவறிட்டாரு.

47,595 பேர் வந்திருக்காங்க. அமெரிக்கன் லீக் ஆளுங்க அவங்கவங்க டீம் சட்டையிலயே ஆட, நேஷனல் லீக் மட்டும் லீக் பேர் போட்டு புதுசா தைச்சு போட்டுட்டு வந்துச்சு. மூணாவது இன்னிங்ஸ்ல அமெரிக்கன் லீக்கோட பெரிய அடிகாரர் பேப் ரூத் ஒரு ஹோம் ரன், நம்ம சிக்ஸர் மாதிரி பந்த வேலிக்கு வெளிய அடிக்கிறது, அதுல ரெண்டு ரன்னு. ஆல் ஸ்டார் கேம்லயே அது தான் மொத ஹோம் ரன். வயசு 38 அவருக்கு, கால் முன்ன மாதிரி ஓடாது, அப்படியும் எட்டாவது இன்னிங்ஸ்ல சிக் ஹேஃபி விட்ட அடிய ரைட் ஃபீல்டுல ஓடிப்போய் பிடிச்சிருக்காரு. 4-2, அமெரிக்கன் லீக் ஜெயிச்சுது.

இதெல்லாம் குட்டிக்கு கோச்சே சொல்லிடுவாரு. நான் எழுத வந்தது அடுத்த மேட்ச பத்தி. அதே வருஷம் செப்டம்பர் 10, அதே கோமிஸ்கி பார்க். ஜூலைல ஆடின ரெண்டு டீம்லயும் ஒரு கறுப்பர் கூட கிடையாது, ஏன்னா அந்த லீக்குங்க அவங்கள சேர்த்துக்கவே இல்ல, திறமை இல்லாமயா, தோல் நிறம் தான் காரணம். அதனால பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ்ன்ற கறுப்பர் டீமோட ஓனர் கஸ் கிரீன்லீ முன்ன நின்னு கிழக்கு மேற்குன்னு டீம் பிரிச்சு இவங்களுக்குன்னு ஒரு ஆல் ஸ்டார் மேட்ச் நடத்தினாரு, கறுப்பர் பத்திரிகைகள்ல ஜனங்க ஓட்டு போட்டாங்க, மழைக்கு நடுவுலயும் கூட்டம் வந்துச்சு, மியூல் சட்டில்ஸ் ஒரு ஹோம் ரன் அடிச்சாரு, மேற்கு 11-7ன்னு ஜெயிச்சுது. 1943ல இதே கிழக்கு மேற்கு மேட்சுக்கு கூட்டம் 50,000த்த தாண்டிடுச்சு தெரியுமா. 1947 ஜூலை 5ல அமெரிக்கன் லீக்கோட மொத கறுப்பர் பிளேயர் லாரி டோபி பேட் பிடிச்சு இறங்கினதும் இதே கிரவுண்டுல தான், ரூத் ஹோம் ரன் அடிச்சு 14 வருஷம் கழிச்சு. படிச்சப்போ கோவம் கோவமா வந்துச்சுடா, ரூத்துக்கு எதிர்ல நின்னு பந்து போட வேண்டிய எத்தனை பிட்சர் வேற லீக்லயே காலத்த ஓட்டியிருப்பாங்க.

பழைய ஸ்டேடியத்த 1991ல இடிச்சுட்டாங்க. ஆனா அது இருந்த இடம் இப்ப பார்க்கிங், பேட் பிடிக்கிறவங்க நிக்கிற ஹோம் பிளேட் இருந்த எடத்துல ஒரு மார்பிள் கல்லு பதிச்சு வச்சிருக்காங்களாம். லீவு நாள்ல குட்டிய அங்க கூட்டிட்டு போடா. ரூத் கதைய மட்டும் சொல்லிட்டு வந்துடாத, சட்டில்ஸ், டோபி பேரையும் சொல்லு, ஏன் தனியா ஆட வேண்டி வந்துச்சுன்னு கேப்பான், சின்னப் பையன்னு மழுப்பாம நேரா சொல்லு. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடு, அப்பாவும் பாக்கணும்ங்கறாரு. மருமகள கேட்டேன்னு சொல்லு.

அம்மா