நர்சரியில் தடுத்தால் கண்மாய் தப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விறகுக்காகக் கொண்டுவந்த சீமைக் கருவேலத்தை வெட்டி மாளாமல் நம் மாவட்டம் இன்னும் திணறுகிறது. அடுத்த தொல்லை அழகுச் செடியாக நர்சரிப் பையில் வந்துகொண்டிருக்கிறது.

முதலில் சொல்ல வேண்டியது வெடேலியா. மஞ்சள் பூவோடு தரையில் பாய் விரித்ததுபோல் படரும். தண்ணீர் அதிகம் கேட்காது, உப்புக்காற்றையும் தாங்கும் என்பதால் கடலோர விடுதித் தோட்டங்களுக்கு விரும்பி வாங்குகிறார்கள். வெப்பமண்டல அமெரிக்காவின் இந்தச் செடி, உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. இதன் தண்டில் கணுவுக்குக் கணு வேர் இறங்கும். விரல் நீளத் துண்டில் ஒரே ஒரு கணு இருந்தாலும் ஈரமணலில் பிழைத்துக்கொள்ளும். புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டினால் துண்டுகள் சிதறி நாற்றாகிவிடும். அந்தக் குப்பையைக் கடற்கரையில் கொட்டினால், மணல்மேட்டைக் கட்டிக் காக்கும் அடம்பங்கொடியையும் ராவணன் மீசைப் புல்லையும் அமுக்கிவிடும். சப்பாத்திக்கள்ளியை அடக்க 1926-இல் இலங்கையிலிருந்து செதில்பூச்சி வந்தது. வெடேலியாவுக்கு அப்படி ஒரு பூச்சி இன்று நம் கையில் இல்லை.

ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் மழை பெய்து மண் இளகியதும் கையால் வேரோடு பிடுங்க வேண்டும். கறுப்புத் தார்ப்பாயில் குவித்து, மேலேயும் மூடி, ஓரத்தில் கல் வைத்து ஆறு வாரமாவது வெயிலில் அழுக விடுங்கள். பச்சைத் தண்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று பார்த்த பிறகே எருக்குழிக்குப் போகலாம். பிடுங்கிய இடத்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை பார்த்துத் துளிரைக் கிள்ளாவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். இளஞ்சிவப்புப் பூவுக்காக வேலியில் ஏற்றும் இன்னொரு அந்நியக் கொடியான கொடி ரோஸுக்கு மண்ணுக்குள் கிழங்கு உண்டு. அதைத் தோண்டி எடுக்காமல் மேலே வெட்டிப் பயனில்லை.

ஆகாயத்தாமரையும் ஊதாப் பூவுக்காக 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்துக்கு வந்ததுதான். இன்றும் வாசல் தொட்டிக்கென்று விற்கிறார்கள். சூழல் ஒத்துவந்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். கடல் உப்பில் கருகிவிடும் என்பது உண்மை. ஆனால் நம் கண்மாய்கள் நல்ல தண்ணீர்; ஒன்றின் கலுங்கு வழிந்தால் அடுத்தது நிறையும். ஐப்பசி மழையில் மேலே விழுந்த ஒரு செடி, வாய்க்கால் வழியே கீழே உள்ள ஊரணி வரை போகும். கோடையில் கண்மாய் வறண்டால் செடி சாகும், விதை சாகாது. சேற்றுக்குள் 15 ஆண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். ஆகவே தொட்டிச் செடியையோ மீன்தொட்டிப் பாசியையோ கழிக்கும்போது வாய்க்காலில் வீசாமல், சிமெண்ட் தரையில் போட்டுச் சருகாகும் வரை காயவையுங்கள்.

நர்சரிக்காரர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கேட்கிற செடியை வரவழைக்கிறார்கள். கடைக்குக் கடை பெயர் மாறுவதால், பையில் தாவரவியல் பெயரையும் எழுதினால் குழப்பம் தீரும். வெடேலியாவுக்கு அது ஸ்பாக்னெட்டிகோலா ட்ரைலோபேட்டா. வெளிமாநிலத்திலிருந்து லாரியில் வரும் செடிகளை மூன்று வாரம் தனியே வைத்து, பை மண்ணில் முளைக்கும் பார்த்தீனியம் போன்ற களைகளைப் பூக்குமுன் பிடுங்கிவிட்டு விற்பது நல்லது. மாற்றுச் செடிக்குப் பஞ்சமா என்ன? தரைக்குப் பொடுதலையும் அடம்பும், தொட்டிக்கு அல்லி, வேலிக்கு நொச்சி, நிழலுக்குப் பூவரசும் புன்னையும் இருக்கின்றன.

ஊடுருவல் இனங்களின் விற்பனையைத் தடை செய்ய மத்திய அரசுக்கு 2022-இல் திருத்திய வனவிலங்குச் சட்டம் அதிகாரம் தருகிறது. அதே ஆண்டில் தமிழக அரசும் அந்நியத் தாவரங்களுக்கென ஒரு கொள்கை வெளியிட்டது. இவை நர்சரி வாசலை எட்ட வேண்டும். விற்கக்கூடாத செடிகளின் படத்தோடு ஒரு பக்கப் பட்டியலை மாவட்டத் தோட்டக்கலைத் துறை மழைக்கு முன்பே ஒவ்வொரு நர்சரியிலும் ஒட்ட வேண்டும். பேரூராட்சி, நகராட்சிப் பூங்கா ஒப்பந்தங்களிலும் அதே பட்டியலை நிபந்தனையாகச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தோட்டக்கலைப் பணியில் உள்ள வாசகர்கள்,
ராமநாதபுரம்.