மல்லிகை வைக்காத காரணம்

அன்புள்ள பாப்பா,

போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். நீ எடுக்கவும் மாட்டாய். எடுக்க வேண்டாம்.

குடும்ப வாட்ஸ்அப்பில் நீ போட்டிருந்ததை அப்பா வாசித்துக் காட்டினார். பத்தாவது வாரத்தில் பிள்ளை தங்காமல் போய்விட்டது, கொஞ்ச நாளைக்கு யாரோடும் பேச முடியாது என்று. அன்றிரவே உன் சித்தி கூப்பிட்டு, இதையெல்லாமா ஊருக்குச் சொல்வது என்று ஒரு பாட்டு, சொன்னவள் ஏன் போனை எடுக்கவில்லை என்று இன்னொரு பாட்டு. எனக்கென்னவோ நீ செய்த இரண்டுமே சரியாகத்தான் படுகிறது. நடந்ததைச் சொல்லிவிட்டாய். உட்கார்ந்து அழுவதையும் அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று என்ன இருக்கிறது?

எனக்கு இது தலைகீழாக நடந்தது. 1996, அண்ணனுக்கு மூன்று வயது, எனக்கு ஐந்தாம் மாதம். ஜூலை மழையில் மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது இடுப்பைப் பிடித்து இழுத்தது. கூடையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு அரைப்பேர், பாதி நாள் கூலிதான் போட்டார்கள், அதை இன்னும் மறக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது லயத்து வரிசை வீடுகள் முழுக்கத் தெரிந்திருந்தது. ஒரு காம்பராவில் இருமினால் நாலாவது காம்பராவில் கேட்கும், இதில் எதை மறைக்க? ஆனால் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாருக்கும் தெரியாத மாதிரி. பீலிக்கரைக்குத் துணி துவைக்கப் போய், தண்ணீர் விழுகிற சத்தத்தில் அழுதுவிட்டு வருவேன். துவைத்த துணியையே மறுபடி துவைத்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டது. ஐந்தாம் மாதத்தில் போனாலும் உடம்புக்கு அது தெரியாதே, சுரந்துவிடுகிறது. உன் பெரியம்மா பழைய சேலைத் துண்டில் மல்லிகைப் பூவைப் பரப்பி மார்போடு இறுக்கிக் கட்டிவிட்டாள், பால் வற்றட்டும் என்று. நம் குளிருக்கு மல்லிகை எங்கே, அப்பா ஹட்டன் டவுனில் வாங்கி வந்தது. பூ வாடி, பாலில் ஊறி, ஒரு வாசம். உன் கல்யாணத்தன்று எனக்குக் கனகாம்பரம் போதும் என்றேன், போட்டோவில் நன்றாக இருக்காது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாயே. இதுதான் காரணம்.

அதற்குப் பிறகு நீ பிறந்தாய். ஆனால் உனக்கும் இன்னொன்று பிறக்கும் என்று ஆறுதல் சொல்ல மாட்டேன், எனக்குச் சொன்னபோது எரிச்சல்தான் வந்தது.

அன்னாசி சாப்பிட்டதால்தான் என்று உன் மாமியார் சொன்னாராம். காதில் வாங்காதே. கிளினிக்கில் மிட்வைப் மிஸ்ஸிடம் கேட்டேன். கர்ப்பம் என்று தெரிந்த பிறகு நூற்றுக்கு 10 முதல் 20 வரை இப்படிப் போகிறதாம். முதல் மூன்று மாதத்தில் போவதில் ஏறக்குறைய பாதிக்கு, கரு உண்டாகும்போதே குரோமோசோம் கணக்குத் தவறிவிடுவதுதான் காரணமாம், பஸ்ஸில் போனதோ படி ஏறியதோ இல்லை. அப்படியே என்னுடையதையும் கேட்டேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது அம்மா என்றார். நான் இவ்வளவு காலமும் அந்தக் கூடையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒன்று, காய்ச்சல் வந்தாலோ, மணிக்கு இரண்டு பேட் நனைகிற அளவுக்கு இரத்தம் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

நேற்று பக்கத்துக் காம்பரா அக்கா வந்தாள். உன் விஷயம் கேள்விப்பட்டிருக்கிறாள். தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும் வரை ஒன்றும் பேசவில்லை, எழும்பும்போது, "எனக்கும் ரெண்டு போச்சு" என்றாள். முப்பது வருஷமாக ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானும் படுத்திருக்கிறோம், பாப்பா.

யாரிடமும் பேசாவிட்டாலும் மாப்பிள்ளையிடம் மட்டும் கதவைச் சாத்தாதே. அப்பா அந்தப் பூவுக்காக மூன்று நாள் டவுனுக்குப் போய் வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது உன் செய்தியைப் பாதி வாசிக்கும்போதே அவருக்குக் குரல் போய்விட்டது, மீதியை நான்தான் எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். போஞ்சியும் லீக்ஸும் கொண்டு வருகிறேன். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வை. நீ அறையிலேயே இரு, நான் பாட்டுக்குச் சமைத்துக்கொண்டிருப்பேன்.

அம்மா