ஹைபர்ஸ்தீனை அழிக்கச் சொல்கிறார்கள்

அன்புள்ள நெட்டைக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் அப்படித்தான் என்று நம்புகிறேன். நான் பதில் போடவில்லை என்று நீ முறுக்கிக்கொண்டு இருப்பதை மீசைக்காரர் சொல்லிவிட்டார். திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள், முதலில் என் எரிச்சலைக் கேள்.

பழைய பாறை அறிக்கைகளைக் கணினியில் ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது உனக்குத் தெரியும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இப்போது மேலிடத்திலிருந்து ஒரு குறிப்பு: ஹைபர்ஸ்தீன் என்ற கனிமப் பெயர் வழக்கொழிந்துவிட்டதாம், வரும் இடமெல்லாம் என்ஸ்டடைட் என்று மாற்றிவிட வேண்டுமாம். ஒரு பொத்தானைத் தட்டினால் முடிந்தது என்று ஆலோசனை வேறு!

நீ உடனே 1988 என்று ஆரம்பிப்பாய். தெரியும்டா. அந்த ஆண்டு பன்னாட்டுக் கனிமவியல் சங்கம் பைராக்சீன் என்ற பாறைக் கனிமக் குடும்பத்தில் 105 பெயர்களைக் கழித்துக் கட்டியது. மக்னீசியமும் இரும்பும் எந்த விகிதத்திலும் இடம் மாறி உட்காரும் ஒரு தொடருக்கு என்ஸ்டடைட், பிரான்சைட், ஹைபர்ஸ்தீன் என்றெல்லாம் ஆறு பெயர் எதற்கு, இரண்டு போதும் என்றார்கள். மக்னீசியம் மிகுந்தால் என்ஸ்டடைட், இரும்பு மிகுந்தால் ஃபெரோசிலைட், எல்லைக்கோடு 50 சதவீதத்தில். கனிமத்துக்குப் பெயர் வைக்கும் முறையாக அது சரிதான். அதில் உன்னோடு எனக்குச் சண்டையே இல்லை.

ஆனால் அந்த 50-ஐ நுண்ணோக்கியில் கண்டவன் யார்? பழைய எல்லைகளில் இரும்பு 12, 88 சதவீதத்தில் இருந்தவற்றுக்காவது ஒரு காரணம் இருந்தது. ஏறத்தாழ அந்த இடங்களில்தான் ஒளியியல் குறி, அதாவது நுண்ணோக்கியில் பார்க்கக்கூடிய நேர், எதிர் என்ற ஒளிப் பண்பு, மாறுகிறது. 50-ஐத் தாண்டும்போது கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது, மணியின் வேதிச் சேர்க்கையை அளக்கும் மைக்ரோபுரோப் போன்ற கருவி வைத்தால்தான் சொல்ல முடியும். அந்த அறிக்கைகளை எழுதியவர்களிடம் அது ஏது? தின் செக்‌ஷனை (ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய பாறைச் சீவலை) நுண்ணோக்கியில் வைத்து மேடையைத் திருப்பினார்கள். வெளிர் ரோஜா நிறத்தில் இருந்த கனிம மணி மெல்லப் பச்சைக்குப் போனது. பிளவுக்கோடு குறுக்குக் கம்பிக்கு நேராக வந்ததும் மணி இருண்டது. ஹைபர்ஸ்தீன் என்று எழுதிவிட்டு அடுத்த மணிக்குப் போனார்கள். அதில் இரும்பு 40-ஆ, 55-ஆ? இன்று யாராலும் சொல்ல முடியாது. என்ஸ்டடைட் என்று மாற்றினால், அவர்கள் அளக்காத ஒன்றை அளந்ததாக நான் எழுதி வைக்கிறேன். இது திருத்தமா, பொய்யா?

சார்னோகைட் என்ற பாறையை எடுத்துக்கொள். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல்லாகக் கிடந்ததையும், பரங்கிமலை, பல்லாவரம் பாறையையும் பார்த்து புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் அந்தப் பெயரை வைத்தார். ஹைபர்ஸ்தீன் உள்ள கிரானைட் என்பதுதான் அதற்கு விளக்கமே. 1900-இல் அவர் எழுதிய பெரிய அறிக்கை முழுக்க ஹைபர்ஸ்தீன்தான். அதை எடுத்துவிட்டால் அடுத்த தலைமுறை எதைத் தேடி எதைக் கண்டுபிடிக்கும்?

இன்னும் கேள், சிரிப்பாய். பகுப்பாய்வு அட்டவணைகளில், பாறையின் வேதிச் சேர்க்கையிலிருந்து கனிமங்களைக் கணக்கிட்டுக் காட்டும் சி.ஐ.பி.டபிள்யூ. நார்ம் இருக்கிறதே, அங்கே ஹைபர்ஸ்தீன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அது பாறையில் பார்த்த கனிமமே இல்லை, வெறும் கணக்கு. அதன் கீழே என்ஸ்டடைட் இவ்வளவு, ஃபெரோசிலைட் இவ்வளவு என்று பிரித்தும் காட்டுவார்கள். பொத்தானைத் தட்டினால் என்ஸ்டடைட் என்ற தலைப்பின் கீழ் என்ஸ்டடைட்டும் ஃபெரோசிலைட்டும் வரும். விண்கல் பட்டியல் இதைவிட மோசம். கான்டிரைட் என்ற கல் விண்கற்களில் இப்போது எல் வகை என்கிறோமே, அவற்றைப் பழைய ஆட்கள் ஹைபர்ஸ்தீன் கான்டிரைட் என்று எழுதினார்கள். மாற்றினால் என்ஸ்டடைட் கான்டிரைட் ஆகிவிடும். அதுவோ முற்றிலும் வேறு வகை, உலோக இரும்பு நிறைய, சிலிக்கேட்டில் இரும்பு இல்லை என்றே சொல்லலாம். ஒரு சொல்லை மாற்றி ஒரு விண்கல்லையே இன்னொரு தாய்க்கோளுக்குத் தத்துக் கொடுத்துவிடலாம்!

நான் எழுதி அனுப்பியது இதுதான். மூலத்தில் உள்ள பெயர் ஒரு எழுத்து மாறாமல் அப்படியே இருக்கட்டும். அட்டவணையில் பக்கத்தில் இன்னொரு பத்தி, அந்தத் தொடர் முழுவதற்குமான பொதுப்பெயராக ஆர்த்தோபைராக்சீன் என்று. அது எப்படியும் தப்பாகாது. மூன்றாவது பத்தி, என்ஸ்டடைட்டா ஃபெரோசிலைட்டா என்று, வேதிப் பகுப்பாய்வு இருக்கும் மாதிரிகளுக்கு மட்டும். மற்றதெல்லாம் காலியாகவே கிடக்கட்டும். காலியிடத்தைப் பார்த்தால் அவர்களுக்கு ஏன் இத்தனை நடுக்கம் என்றுதான் புரியவில்லை.

இனி உன் வேலை. பல்லாவரம் மாதிரிகளில் நீ எடுத்த மைக்ரோபுரோப் எண்கள் எல்லாம் அந்தப் பச்சை அட்டை நோட்டில்தானே இருக்கின்றன? படம் எடுத்து அனுப்பு. உன் கையெழுத்தை நான் படித்துக்கொள்வேன், பழக்கம்தான். 50-க்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக ஒரே பாறையில் இரண்டு மணி இருந்தால் அதை முதலில் அனுப்பு, அடுத்த கூட்டத்தில் காட்ட வேண்டும்.

1988-க்கு வக்காலத்து வாங்குவதானால் தனிக் கடிதமாகப் போடு. நோட்டு அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

உன்,
சுத்தியல்